ஸ்ரீவில்லிபுத்தூர் வாய்தா

பல மாநில அரசுகளின் லாட்டரிச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்த ஊர் சிவகாசி. அச்சாகி எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதில் ஒரு பங்கு எங்கள் ஊர் மில் தொழிலாளியின் சட்டைப் பைக்கே திரும்பி வந்து சேரும். தொண்ணூறுகளில் இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டீக்கடைக்குச் சரிசமமாக லாட்டரிக் கடை இருந்தது. சிக்கிம், பூட்டான், மணிப்பூர் என்று ஒலிபெருக்கியில் பூகோளப் பாடமே நடக்கும். 1968இல் அண்ணா ஆட்சியில் அரசாங்கப் பரிசுச் சீட்டாகத் தொடங்கிய சங்கதி, என் காலத்தில் ஒரு நம்பர் லாட்டரியாகச் சுருங்கியிருந்தது. காலையில் வாங்கலாம், மத்தியானம் முடிவு தெரியும், சாயங்காலம் அடுத்த சீட்டு. ஷிப்டு முடிந்து வருகிற ஆளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சித்தப்பா அப்படி ஷிப்டு முடிந்து வருகிற ஆள். எங்கள் ஊரில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து ஆண்பிள்ளைக்கு மில் வேலை கிடைத்தால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை. குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் கிறிஸ்தவச் சபைக் கோயிலுக்கு வருவார். 1992இல் மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, யாரும் ஆட்சேபணை சொல்லாமல், இருபத்திரண்டு பவுன் போட்டு எங்கள் ஆச்சி தன் கடைசி மகளைக் கட்டிக்கொடுத்தாள். குடிக்காத மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த இருபத்திரண்டு பவுனும் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போன கதை, ஒரு தபால் அட்டையில் வெளியானது. வட்டி கட்டாமல் நகை மூழ்கப் போகிறது, இன்ன தேதியில் ஏலம் என்று அடகுக் கடைக்காரர் எழுதியிருந்தார். 2001 கடைசி. சித்தி பீரோவைத் திறந்து பார்த்தாள். நகைப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. அதற்குள் கவரிங் இருந்தது. நகையைக் கேட்டுவிடக் கூடாதே என்று அசலைப் போலவே கவரிங் வாங்கி வைத்திருக்கிறார் மனுஷன். சித்திக்குப் பொறுக்க முடியாமல் போனது இந்தக் கவரிங்தான். "தோத்தது கூடப் போகட்டும்க்கா. எத்தனை நாள் இதைக் கழுத்துல போட்டுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பேன், பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தாரு" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று ராத்திரியே பையனைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஆரம்பித்தது சபையின் பஞ்சாயத்து. எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1854இல் ரேக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ்காரர் சிவகாசி வட்டாரத்தில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய்ப் போதித்தார். கல்யாணமே செய்துகொள்ளாதவர். 1858இல் சிவகாசியிலேயே இறந்தும் போனார். வடதிருநெல்வேலி மிஷன் என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட இந்தப் பகுதியில் அவர் ஊன்றிய வேர் பெரியது. பிரம்மச்சாரி ஊன்றிய வேர் என்பதாலோ என்னவோ, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று வந்தால் எங்கள் பெரியவர்களுக்கு ஒரே மருந்துதான் தெரிந்திருந்தது. "மன்னிச்சு விட்டிரும்மா."

ஐயர் வந்து சொன்னார். பாதிரியாரை எங்கள் சபைகளில் ஐயர் என்றுதான் சொல்வோம். சில சபைகள் சேர்ந்தது சேகரம்; அந்தச் சேகரக் கமிட்டியில் இருந்த இரண்டு பேர் வந்து சொன்னார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து, ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டுச் சொன்னார்கள். ஏழு தரமா என்று பேதுரு கேட்டதும், ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னதும் எங்கள் திண்ணையில் பல தடவை வந்து போனது. சித்தி எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "மன்னிக்கச் சொல்றீக, சரி. அவுக வந்து மன்னிப்புக் கேட்டாகளா? எவ்வளவு கடன்னாவது சொன்னாகளா? தொகை தெரியாம எதைத் தள்ளுபடி பண்ண?"

இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. அவர் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். சித்தி பெண்கள் பக்கத்தில் சுவரோரமாக உட்காருவாள். பரமண்டல ஜெபத்தில் கடன்காரரை மன்னிக்கிற இடம் வரும்போது அவள் வாய் மூடியிருக்கும். நான் கவனித்திருக்கிறேன். அந்த வரி போனபிறகு மறுபடி சேர்ந்துகொள்வாள். பொய்யாகச் சொல்ல மாட்டாளாம்.

அவள் சும்மா இருக்கவில்லை. தளவாய்புரத்து நைட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து வெட்டின துணியைக் கட்டுக் கட்டாக வாங்கிவந்து தைக்க ஆரம்பித்தாள். பீஸ் ரேட்டு. ஆச்சி வீட்டு முன்னறை முழுக்கப் பூப்போட்ட துணி கிடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கும் மிஷின் சத்தம் கேட்கும். ஒரு வருஷத்துக்குள் பையன் பள்ளிக்கூடச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டாத நிலைக்கு வந்துவிட்டாள். இது நடந்திருக்காவிட்டால் பின்னால் நடந்த எதற்கும் மதிப்பில்லை என்பது என் எண்ணம். போக வேறு இடமில்லாமல் திரும்பிப் போகிறவளுக்குப் பெயர் மன்னித்தவள் இல்லை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை ஒரேயடியாகத் தடை செய்தது. பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி நின்றது. லாட்டரிக் கடைகளில் சில செல்போன் கடையாயின, சில பெட்டிக்கடையாயின. சீட்டு விற்றுப் பிழைத்த கால் ஊனமுற்றவர்கள் பாவம், தெருவுக்கு வந்தார்கள். சித்தப்பா திருந்தியது இந்தத் தடையாலா, மனம் மாறியதாலா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கடையை மூடியபின் திருந்துவது பெரிய காரியமா என்பது அம்மாவின் கட்சி. திருட்டுத்தனமாக மூன்று நம்பர் சீட்டு ஓடிக்கொண்டுதானே இருந்தது, தொடாமல் இருந்தாரே என்பது அப்பாவின் கட்சி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வருஷத்திலிருந்து அவர் மில்லில் இரவு ஷிப்டு வாங்கிக்கொண்டு, பகலில் நாலைந்து மணி நேரம் தூங்கிவிட்டு, சத்திரப்பட்டிக்குப் போய் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் கூலி வேலை பார்த்தார். சத்திரப்பட்டி எங்கள் ஊருக்குப் பக்கம். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி அங்கே வீட்டுக்கு வீடு நெய்கிறார்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பேச ஆளில்லாத மனுஷனுக்கு அது தோதான இடம்.

இதற்கிடையில் சித்தி வக்கீலைப் பார்த்துவிட்டாள்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டம் 1869இல் வெள்ளைக்காரன் எழுதியது. மனைவி நடத்தை தவறினாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவி கேட்டாலோ, கணவன் நடத்தை தவறினான் என்பது போதாது. அதோடு கொடுமையும் செய்தான், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டான் என்று சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தாலும் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்தால்தான் செல்லும். இருவரும் மனமொத்துப் பிரிவது என்ற பேச்சே கிடையாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாரபட்சத்தில் கை வைத்தது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே காரணங்கள் வந்தன, உயர் நீதிமன்ற உறுதி போனது, பரஸ்பர சம்மதத்துக்கு 10ஏ என்று ஒரு புதுப் பிரிவு வந்தது. அன்றைக்கு அதன்படி இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் இருவரும் வந்து, மனம் மாறவில்லை என்று சொன்னால்தான் தீர்ப்பு.

விருதுநகர்தான் மாவட்டத் தலைநகரம் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அரங்கனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டவள் ஆண்டாள். கட்டியவரை அறுத்துக்கொள்ள வேண்டுமானாலும் நாங்கள் அவள் ஊருக்குத்தான் போக வேண்டும். இராஜபாளையத்திலிருந்து பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்கே மலை கூடவே வரும். ஊர் வருமுன்பே பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடும், 192 அடி.

நான் அப்போது பிளஸ் டூ. கோர்ட்டுக்குத் தனியாகப் போகிறவளைப் பற்றி ஊர் பேசுமே என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். துணை என்று பெயர்தான், எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. வக்கீல் ஆபீசில் கூட்டமாக இருந்தால் பென்னிங்டன் நூலகத்துக்குப் போய்விடுவேன். 1875இல் தொடங்கிய நூலகம் அது, எங்கள் வட்டாரத்துப் படிப்பாளிகளுக்கெல்லாம் தாய்வீடு. சித்திக்கு ரமணிசந்திரன் நாவல் என்றால் உயிர். பிரிந்திருந்த காலத்திலும் விடாமல் படித்தாள். ஒருநாள் நானே கேட்டேன், "இதுல வர்ற மாதிரி கடைசில சேந்துருவீங்களா சித்தி?" அவள் சிரிக்கவில்லை. "இதுல பாதிக்கு மேல ஒருத்தரையொருத்தர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுதாண்டா சண்டை. கடைசில உண்மை தெரிஞ்சா சரியாப் போயிரும். எனக்கு உண்மை தெரிஞ்சதுனாலதான் சண்டையே" என்றாள்.

அந்த 10ஏ மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்ட அன்றைக்குச் சித்தப்பாவும் நாங்கள் போன பஸ்ஸில்தான் வந்தார். பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் ஏறினார். சித்தி முன்னால், அவர் பின்னால் கடைசி சீட்டில். இறங்கியும் நடுவில் இருபதடி விட்டு நடந்தார். வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நீதிமன்ற வராண்டாவில் எங்கள் வழக்கைக் கூப்பிடக் காத்திருந்தபோதுதான் அது நடந்தது.

பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பையன் எழுதி மிச்சம் வைத்த பழைய கோடு போட்ட நோட்டு. முன்பக்கங்களில் ரெண்டாங்கிளாஸ் வாய்ப்பாடு இருந்தது. "இதை உங்க சித்திகிட்ட குடுய்யா" என்றார். சித்தி வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். வாய்ப்பாட்டுக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவர் கணக்கு. எந்த நகை, எத்தனை கிராம், எந்தக் கடையில், எந்தத் தேதியில் வைத்தது, எவ்வளவு வாங்கினது, வட்டி எவ்வளவு, எது மூழ்கிப் போனது. பிறகு பி.எஃப். லோன். பிறகு மில்லில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் கைமாற்று, ஐம்பது, நூறு என்று பேர் பேராக. நாலு பக்கம். கடைசியில் இரட்டைக் கோடு போட்டு மொத்தம்.

சித்தி படிக்கப் படிக்க முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜாக்கெட்டுக்குள் இருந்த சின்னப் பர்சிலிருந்து பென்சிலை எடுத்தாள். துணியில் அளவு குறிக்கிற கட்டைப் பென்சில். முதல் பக்கத்திலிருந்து உதடு அசையக் கூட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் யார் யாரோ அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவரோடு அவள் நேருக்கு நேராக ஒரு வார்த்தை பேசி.

"மூணாம் பக்கத்துல கூட்டல் தப்பு. ஆயிரத்து இருநூறு குறையுது" என்றாள்.

அவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"அக்கா சங்கிலியக் காணோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஏதோ கல்யாணத்துக்குப் போட்டுப் போக என்று அம்மாவிடமிருந்து சித்தி ஒரு இரண்டு பவுன் சங்கிலி வாங்கியிருந்தாள். அதுவும் போயிருக்கிறது. அம்மா கேட்காத வரைக்கும் சித்தி வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிற சேதி கோர்ட் வராண்டாவில் எனக்குத் தெரியவந்தது. சித்தப்பா பென்சிலை வாங்கி அதையும் எழுதினார். மொத்தத்தை அடித்துத் திருத்தினார். கை நடுங்கியதால் எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

"மன்னிச்சிருன்னு கேக்க வாய் வரல. இதை அடைச்சிட்டுக் கேக்குறேன்" என்றார்.

"அடைங்க. அப்புறம் பாப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே கூப்பிட்டார்கள். மனு கோப்புக்குப் போனது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

சினிமாவாக இருந்தால் அன்றைக்கே சேர்ந்திருப்பார்கள். இங்கே நடந்தது வேறு. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மாவின் சங்கிலியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். திருப்பிய முதல் நகை அது. பெண்டாட்டி நகை எதையும் திருப்புவதற்கு முன் பெண்டாட்டியின் அக்கா நகையைத் திருப்பியிருக்கிறார். அம்மா அழுதாள். சித்தி அழவில்லை. நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி மிஷின் சத்தம் கேட்கவில்லை. சித்தி மனம் இளகியது அந்தச் சங்கிலியில்தான் என்று நான் நினைக்கிறேன். தன்னை வசப்படுத்த நினைக்கிறவன் தன் நகையைத்தான் முதலில் திருப்புவான். இவர் அவளைத் தலைகுனிய வைத்த கடனை முதலில் அடைத்தார்.

அதற்குப்பிறகு வக்கீல் ஆபீசுக்கு ஏதாவது ஒரு காகிதம் என்று அவ்வப்போது போகவேண்டி வந்தது. நிஜமாகவே அத்தனை காகிதம் இருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. வாய்தாவுக்கு முந்தின நாள் சித்தி சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுவாள். "கோர்ட்டுக்குப் போறவளுக்கு எதுக்குடி இந்த அலங்காரம்?" என்று அம்மா கேட்டால் பதில் வராது. பஸ்ஸில் சித்தப்பா கடைசி சீட்டிலிருந்து மெதுமெதுவாக முன்னால் வந்தார். ஒருநாள் எங்களுக்கு நேர் பின்சீட்டு. திரும்பி வரும்போது நூறு கிராம் பால்கோவா வாங்கி, பட்டர் பேப்பரோடு ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டாள் சித்தி.

"ஓவர்டைம் பாத்தது."

நோட்டை எடுத்து, அதையும் எழுதிவிட்டுத்தான் தின்றாள். எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019இல் செய்தித்தாளைக் காட்டி, "நம்ம கேசுக்கும் ஒரு குறியீடு குடுத்திருக்கலாம்" என்றார் சித்தப்பா. நகைச்சுவை உணர்ச்சி அவருக்கு அந்த வாய்தா நாட்களில் கிடையாது. கடன் குறையக் குறைய வந்தது.

ஆறு மாதம் ஆனது. வக்கீல் ஆள் அனுப்பினார். இருவரும் போகவில்லை. மறுபடி சொல்லி அனுப்பினார். போகவில்லை. பதினெட்டு மாதம் கடந்து, வற்புறுத்த யாரும் வராத மனு தானாகவே செத்துப் போனது. வக்கீல் கட்டணம் மட்டும் நோட்டில் ஒரு வரியாக நின்றது.

சித்தி போட்ட நிபந்தனைகளை இங்கே எழுதுவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டாள். பழைய வீட்டுக்கு வரமாட்டேன். முடங்கியார் ரோட்டுப் பக்கம் என் பேரில் வாடகைக்கு வீடு எடுப்பேன், நீங்கள் அங்கே வாருங்கள். சம்பளம் ஏறுகிற பேங்க் அட்டை என்னிடம் இருக்கும். நைட்டி தைப்பதை விடமாட்டேன். கவரிங்கைத் தூக்கிப் போடமாட்டேன், அது பீரோவிலேயே இருக்கும். சித்தப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து குடியேறினார். ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். அதனாலேயே எங்கள் ஆச்சி கடைசிவரை முணுமுணுத்தாள்.

ஐயருக்கு ரொம்பச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து சாட்சி சொல்லுங்கள், மற்றவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். சித்தி மாட்டேன் என்றுவிட்டாள். அவள் செய்தது வேறொன்று. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான பிறகு, 1950இல் வந்த நற்கருணை ஒழுங்கில் சமாதானம் கொடுத்தல் என்று ஒரு பகுதி உண்டு. ஐயர் தொடங்கிவைக்க, கையோடு கை தொட்டு ஆளுக்கு ஆள் அது பெஞ்சு பெஞ்சாகப் போகும். பல சபைகளில் மறந்துபோன இந்த ஆதிச் சபை வழக்கத்தைத் தென்னிந்தியாவில் மறுபடி கொண்டுவந்ததைப் பார்த்துப் பல நாட்டுச் சபைகள் எடுத்துக்கொண்டன. ஆனால் ஆண்கள் பக்கத்துச் சமாதானம் ஆண்கள் பக்கத்திலேயே சுற்றிவிட்டு நிற்கும், பெண்கள் பக்கத்தது பெண்கள் பக்கத்தில். அந்த ஞாயிறு சித்தி சுவரோரத்தை விட்டு நடைபாதை ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எதிர் ஓரத்தில் சித்தப்பா. முறை வந்ததும் நடைபாதையைத் தாண்டிக் கையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட மறந்துவிட்டார். மணியடிக்கிற கோயில் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்மோனியம் வாசித்தவர் அடுத்த பாட்டை ஒரு நிமிஷம் தாமதமாகத்தான் எடுத்தார்.

இதைப் படிக்கிற யாரும், பார்த்தாயா, மன்னித்தால் எல்லாம் சரியாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சபையில், அதே காலத்தில், அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போகச் சொல்லி அதே வசனங்களோடு அனுப்பப்பட்ட இன்னொரு பெண் இருந்தாள். அவள் போனாள். மறுபடி அடி வாங்கினாள். மறுபடி மன்னிக்கச் சொன்னார்கள். அவள் விஷயத்தில் சட்டம் சொன்ன காத்திருப்பு வரமாக இல்லை, தண்டனையாக இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அந்த இரண்டு வருஷத்தை ஒரு வருஷமாகக் குறைத்துப் படித்தது. 2022 டிசம்பரில் அந்த ஒரு வருஷக் கட்டாயமே செல்லாது என்றது. சித்தி கதையை வைத்துக்கொண்டு நான் அதை எதிர்க்கத் தயாரில்லை. காத்திருப்பதா வேண்டாமா என்பதை காத்திருக்க வேண்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கதைகளுக்கென்றே கிறிஸ்தவக் காதல் நாவல் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. அதில் பெயர்பெற்றது 1991இல் பிரான்சின் ரிவர்ஸ் எழுதியது, 2022இல் படமாகவும் வந்தது. வேதாகமத்தின் ஓசியா தீர்க்கதரிசி கதையைக் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வழி தவறிப் போன மனைவியை ஓசியா மறுபடி அழைத்து வருகிற கதை. எங்கள் பிரசங்கங்களிலும் ஓசியா அடிக்கடி வருவார். ஆனால் இரண்டு சங்கதியை அழுத்திச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, அந்தக் கதையில் மன்னிப்பது ஆண். எங்கள் திண்ணைகளில் மன்னிக்கச் சொல்லி உபதேசம் கேட்டதெல்லாம் பெண். இரண்டு, ஓசியா சும்மா அழைத்துவரவில்லை. பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் எண்ணிக் கொடுத்திருக்கிறார். தொகை வேதத்திலேயே இருக்கிறது. ரெண்டாங்கிளாஸ் நோட்டில் சித்தப்பா எழுதியதும் அப்படி ஒரு தொகைதான்.

கடன் முழுவதும் அடைய ஏழெட்டு வருஷம் ஆனது. இரண்டு வளையலும் ஒரு நெக்லசும் மூழ்கியது மூழ்கியதுதான். நடுவில் ஒரு தடவை, எல்லாரும் குற்றாலம் போனபோது, புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் போனோம். கேரளாவில் லாட்டரி 1967இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது, இன்றும் நடக்கிறது. எல்லையைத் தாண்டியதும் தமிழில் போர்டு எழுதி வைத்துக் கூப்பிடுவார்கள். சித்தப்பா ஒரு சீட்டு வாங்கிவிட்டார். ராத்திரி வீடு திரும்பியதும் அவரே எடுத்து வைத்தார். சித்தி ஒன்றும் சொல்லாமல் நோட்டில் லாட்டரி என்று எழுதி, எதிரே தொகையைப் போட்டாள். சீட்டைக் கிழிக்கவில்லை. முடிவு வந்ததும் பார்த்தார்கள், ஒன்றும் விழவில்லை. "விழுந்திருந்தாத்தான் பயந்திருப்பேன்" என்று சொன்னாள் பிற்பாடு.

இப்போது சித்தப்பா ரிட்டயர்டு. சேகரக் கமிட்டியில் இருக்கிறார். லாட்டரி போன இடத்தில் செல்போன் ரம்மி வந்திருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் போட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓலை வாசிக்கச் சொல்லிக் கல்யாண வீட்டார் வரும்போது, மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கடன் எவ்வளவு, யார் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதித்தரச் சொல்கிறாராம் சித்தப்பா. பெண்ணையும் அப்படியே. கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, மானக்கேடு என்கிறார்கள். மற்ற சேகரங்களில் உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இதை நீங்களும் செய்யுங்கள். பிரிந்து நிற்கிற பெண்ணின் திண்ணைக்கு ஜெபம் பண்ணப் போகுமுன், அவள் புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டு வாருங்கள்.